சேமக்காலையில் வாசிக்காத பெயர்

குருநகர்,
12.02.1985

என் பேத்தி மக்டலீனுக்கு,

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதுகிறேன். அம்மம்மா மறந்துவிட்டா என்று நீ பிறகு சொல்லக் கூடாது. என் மாமனார் சிமியோன், கயிற்றுக் கட்டிலில். அவருடைய மூத்த மகன் செபநாயகம், வேலியோரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டு. செபநாயகத்தின் பெண்சாதி கத்தரீனா, மீன் வெட்டிக்கொண்டு. கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை, கூப்பிடாமல் வந்து கதிரையில். திருகோணமலைத் துறைமுகத்தில் கூலிக்கு நின்று, காடு வழியாக நடந்து அன்றுதான் ஊர் வந்து சேர்ந்த இளந்தாரி அடைக்கலநாதன். பிள்ளை வந்துவிட்டான் என்று அழுதுகொண்டு அவனுடைய தாய். நான். என் மடியில் இரண்டு வயதில் உன் அம்மா மார்கிரட். இவர்களில் இன்று மிஞ்சியிருப்பது செபநாயகமும் அடைக்கலநாதனும் உன் அம்மாவும் நானும்தான்.

சுகம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். மாதா காவலில் நாங்கள் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும். அங்கே பனி கொட்டுகிறதாம், காதை மூடிக்கொண்டு திரி.

உன் அம்மப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டாய். நாற்பத்திரண்டாம் ஆண்டு, பாஸ்குத் திருநாள் முடிந்த வியாழக்கிழமை யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். அவர் அங்கே கோட்டையில் பீரங்கிக்காரர். பதினாறு வயதில் சேர்ந்தவர், பதினொரு வருடம் அதே வேலைதான். லீவில் வந்தால் அந்தப் பீரங்கியைப் பற்றி, வீட்டில் கட்டியிருக்கிற ஆட்டைப் பற்றிக் கதைக்கிற மாதிரிக் கதைப்பார். குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. அதனால் அடைக்கலநாதன் வந்ததும் எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவன் சொன்னது இவ்வளவுதான்:

“நான் அவரைக் கண்டனான். குண்டு விழேக்கை ஓடினவர்.”

மூப்பர் அதற்குமேல் அவனைக் கதைக்க விடவில்லை. செபநாயகத்தைப் பார்த்து, “அண்ணன் செத்துப் பிழைச்சான், தம்பி ஓடிப் பிழைச்சான். நல்ல குடும்பம்,” என்று பகிடி விட்டார். அது என்ன பகிடியென்றால், முந்தின கிழமை என் மாமனாருக்கு ஒரு தந்தி வந்தது, செபநாயகம் குண்டுபட்டுச் செத்துப்போனதாக. செபநாயகமோ முற்றத்தில் குந்தியிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. தந்திக் கந்தோரில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று, ஆள் உயிரோடு இருப்பதாக மூப்பரே இங்கிலீசில் பதில் எழுதி அனுப்பினார்.

அந்தச் சிரிப்பு அன்றோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் ஓடினவர் என்ற கதை முடியவில்லை. அவர் வரவுமில்லை. நவம்பர் இரண்டாம் தேதி சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவில் நின்று செத்தவர்களின் பெயரை வாசித்து மன்றாடுகிறபோது அவருடைய பெயரைச் சேர்க்க மூப்பர் சம்மதிக்கவில்லை. பட்டாளத்தை விட்டு ஓடினவன் எங்கேயாவது ஒருத்தியோடு உயிரோடு இருப்பான், அவனுக்கு மன்றாட்டு எதற்கு என்றார். அன்றிலிருந்து நான் விதவையும் இல்லை, புருசனோடு வாழ்கிறவளும் இல்லை. மூப்பருக்குப் பின் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். இப்போது கோயிலுக்கு வந்திருக்கிற சுவாமி நல்ல மனிசன். உன் அம்மப்பா செத்ததற்கு ஒரு துண்டுக் கடுதாசி காட்டினால் இந்த வருடம் தானே வாசிப்பதாகச் சொல்கிறார்.

நீ இருக்கிறது அவரைச் சேவகத்துக்கு எடுத்தவர்களின் நாட்டில். கேட்டுப் பார். பென்சன் எனக்கு வேண்டாம். அந்தத் துண்டு வேண்டும்.

உறையின் பின்பக்கம் குணலட்சுமி என்று எழுதியிருக்கிறாய். வாடகை வீட்டுக்காரியோ? நான் விசாரித்ததாகச் சொல்.

மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும்.

அம்மம்மா அக்கினேஸ்


லண்டன்,
20.03.1985

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்து கிழமை கழித்துத்தான் கிடைத்தது. யாரோ பிரித்து வாசித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். வாசித்தவர் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன், ஒட்டு நன்றாக நனைந்திருந்தது. நான் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசி வெயிலில் இருங்கள்.

எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. உங்களை மாதிரியே அங்கே ஒரு மனிசி. தன் சீனிக் கிண்ணத்தை இரவல் வாங்கித் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரியை இன்றைக்கும் திட்டுகிறா. பக்கத்து வீட்டுக்காரி எந்தக் காலத்திலோ செத்துப்போனா.

பட்டாளப் பதிவுகள் வைத்திருக்கும் இடத்துக்கு எழுதிவிட்டேன். முழுப் பெயர் கேட்டார்கள். கட்டிலில் இருந்தவர், மீன் வெட்டினவர் எல்லோருடைய பெயரும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அம்மப்பாவின் பெயர் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. நல்ல வேளை, அம்மாவின் பெயரோடு சேர்ந்து அது எனக்குத் தெரியும். சிமியோன் சூசைதாசன் என்று எழுதிப் போட்டேன். உடம்பில் அடையாளம் ஏதாவது இருந்ததா? அறியத் தாருங்கள்.

குணலட்சுமியைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் கையைக் கொஞ்சும்,
மக்டலீன்


குருநகர்,
18.04.1985

என் பேத்திக்கு,

உன் சுகச் செய்தி கண்டு உன் அம்மா மெழுகுதிரி கொளுத்தினா. இங்கே இரண்டு கிழமையாகக் கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம். கடலுக்குப் போக விடுகிறார்களில்லை. மற்றபடி சுகம்.

பெயரைக் கேட்டு என்னைச் சோதிக்கிறாய். கட்டினவரின் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லித்தான் என் தாய் என்னைக் கட்டிக் கொடுத்தா. அவரைக் கூப்பிட எனக்கு “இஞ்சருங்கோ” போதும். மற்றவர்களிடம் “மார்கிரட்டின்ரை தகப்பன்”. வாயால் சொல்லாததைக் கையால் எப்படி எழுதுவது? அவர் செத்துவிட்டார் என்று இன்னும் ஒருவரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. அதுவரைக்கும் அவருடைய ஆயுளில் நான் கை வைக்கமாட்டேன்.

அடையாளம் இருக்கிறது. இடக்கையில் முழங்கைக்குக் கீழே சுட்ட தழும்பு. சின்ன வயதில், வலைக்குச் சாயம் காய்ச்சுகிற கிடாரத்துக்குள் கை போனது. தோல் பாம்புச் சட்டை மாதிரி மினுங்கும்.

அடைக்கலநாதன் வீட்டு வாசலை அன்றைக்குப் பிறகு நான் மிதிக்கவில்லை. அவனுடைய மகளின் கலியாணத்துக்குப் பலகாரத் தட்டம் வந்தது, துணி விலக்கிப் பார்க்காமலே திருப்பி அனுப்பினேன். செபநாயகத்தோடும் கதை இல்லை. கூடப் பிறந்தவனை ஓடினவன் என்று சொல்ல, வாய் மூடி இருந்த ஆள். அந்த வருடத்தோடு கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டார், பயந்தாங்கொள்ளி. பூசைக்கு வருவார், வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார், நற்கருணை வாங்கமாட்டார். ஒவ்வொரு நவம்பரும் மாமனாரின் கல்லறைக்குப் பக்கத்தில், ஒருவரையும் தாட்டிராத வெறும் மணலில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். யாருக்கு என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. என்னை நையாண்டி பண்ணுகிறார் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

குணலட்சுமி நல்லவளோ? வாடகை வாங்கிக்கொண்டு குளிருக்குள் விடுகிறவளோ?

உன் தலையில் கை வைக்கும்,
அம்மம்மா


லண்டன்,
30.05.1985

அன்புள்ள அம்மம்மா,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாலு பேர் ஒரு அறையில் இருக்கிறோம், குளிர் தெரிவதில்லை.

பதில் வந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று யோசித்து மூன்று கடிதம் கிழித்தேன். சிமியோன் சூசைதாசன் என்று ஒருவர் பீரங்கிப் படையில் ஒரு காலத்திலும் இருக்கவில்லையாம்.

கோபிக்காமல் இரண்டு விசயம் எழுதுங்கள். அம்மப்பாவுக்குப் போகும் கடிதங்களுக்கு விலாசம் எழுதியது யார்? செபநாயகம் தாத்தா செத்ததாக வந்த தந்தியில் என்ன இருந்தது, உள்ளபடி?

உங்கள் மக்டலீன்


குருநகர்,
09.08.1985

மக்டலீனுக்கு,

சுகம். உன் சுகத்தையும் அறிய ஆவல்.

இவ்வளவு நாளும் பதில் போடாதது கோபத்தில்தான். முதலில் உன்னோடு கோபம், பிறகு தபால்காரனோடு, பிறகு வெள்ளைக்காரனோடு. ஒரு காலத்திலும் இருக்கவில்லையாம்! பித்தளைப் பொத்தானைச் சாம்பல் போட்டு மினுக்கினது என் கை. லீவு முடிந்து போகிற அன்று சப்பாத்துக்குள் மணல் போய்விட்டது என்று வேலிப் படலையில் நின்று உதறினதைப் பார்த்தது என் கண். ஓடினவர் என்று ஊர் சொன்னது. இனி, போகவே இல்லை என்று சொல்லப் போகிறதோ?

நீ கேட்டதற்கு வருகிறேன். விலாசம் எழுதியது செபநாயகம். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. உன் அம்மப்பாவின் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டியதும் செபநாயகம்தான். அந்தக் கடிதங்கள் நின்ற பிறகுதான், இனி எனக்கு ஒருவரும் வாசித்துச் சொல்லத் தேவையில்லை என்று உன் அம்மாவின் சிலேட்டில் எழுத்துப் பழகினேன்.

தந்தியை மூப்பர் ஒருமுறை இங்கிலீசிலும் ஒருமுறை தமிழிலும் வாசித்தார். “கன்னர் செபநாயகம் எதிரியின் குண்டுவீச்சில் மரணமானார் என அறிவிக்க வருந்துகிறோம்.” கன்னர் என்றால் பீரங்கிக்காரன் என்று அன்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டுக் கடிதத்தை இரண்டு நாள் பைபிளுக்குள் மூடி வைத்தேன். செபநாயகம் தன் வாழ்நாளில் தொட்ட ஆயுதம் மீன் வெட்டுகிற கத்தி.

இன்னொன்றும் இருக்கிறது. தந்திக்குப் பதில் போன ஒரு மாதத்தில் ஒரு பொலிஸ்காரர் விசாரிக்க வந்தார். இந்த வளவில் பட்டாளத்துக்காரனின் பெண்சாதி யார், புருசனின் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். நான் வழக்கம் போலச் செபநாயகத்தின் முகத்தைப் பார்த்தேன், அவர் சொல்லட்டும் என்று. அவர் உன் அம்மப்பாவின் பெயரைச் சொன்னார். பொலிஸ்காரர் தன் கடுதாசியைப் பார்த்து, அந்தப் பெயர் இதில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மிச்சத்தை நீ பார், பிள்ளை. இங்கே இப்போது கொஞ்ச நாளாக வெடிச்சத்தம் இல்லை. அதனாலோ என்னவோ நித்திரையும் இல்லை.

அம்மம்மா


லண்டன்,
02.09.1985

அன்புள்ள அம்மம்மா, அம்மா இரண்டு பேருக்கும்,

இதைப் பாயில் இருந்து வாசியுங்கள், நின்றுகொண்டு வேண்டாம். நான் சுகம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களைக் கேட்காமல் யூன் மாதமே இன்னொரு விண்ணப்பம் போட்டிருந்தேன், சிமியோன் செபநாயகம் என்ற பெயரில். ஒருவருடைய கடுதாசியில் இன்னொருவர் போகலாம் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதைப் பிறகு எழுதுகிறேன். சேவைப் பதிவு வந்துவிட்டது. பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழில் இப்படி:

பெயர் எஸ். செபநாயகம். தகப்பன் சிமியோன், கரையூர் (எங்கள் குருநகரின் பழைய பெயர்தானே), யாழ்ப்பாணம். பீரங்கிப் படையில் சேர்ந்தது 1931, வயது பத்தொன்பது. சமர்ப்பித்த அத்தாட்சி: ஞானஸ்நானச் சீட்டு. அடையாளம்: இடது முன்கையில் பழைய தீத்தழும்பு. நடத்தை மிக நன்று. தண்டனை ஒரே ஒரு முறை, 1940 பெப்ரவரியில் லீவு முடிந்து இரண்டு நாள் பிந்தி வந்ததற்காக.

1942 ஏப்ரல் ஒன்பது, திருகோணமலை. குண்டுவீச்சு நடந்துகொண்டிருக்கையில் வெடிமருந்துக் கிடங்கிலிருந்து பீரங்கிக்குக் குண்டு தூக்கிக்கொண்டு ஓடியபோது மரணம். திருகோணமலையிலேயே அடக்கம். கடைசியில் ஒரு குறிப்பு: ஆள் உயிரோடு இருப்பதாகக் குடும்பத்தார் அறிவித்திருக்கிறார்கள், விசாரணையில் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு வரி தெளிவாக இல்லை, விட்டுவிட்டேன்.

அம்மம்மா, அவர் ஓடினவர்தான். பீரங்கியை நோக்கி ஓடினவர்.

அம்மாவிடம் சொல்லுங்கள், 1940 பெப்ரவரி அவ பிறந்த மாதம்.

மக்டலீன்


குருநகர்,
28.09.1985

என் தங்கமான பேத்திக்கு,

நாங்கள் சுகம். சுகம் என்று எழுத இன்றைக்குத்தான் எனக்கு முழு மனம் வந்திருக்கிறது. உன் அம்மா அந்தப் பெப்ரவரி வரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறா. தகப்பன் தன்னைப் பார்த்ததே இல்லையோ என்று இவ்வளவு காலமும் அவவுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, என்னிடம் கேட்கவில்லை. தன்னைத் தூக்கி வைத்திருந்ததற்காக அவர் தண்டனை வாங்கினவர் என்று மீன் விற்க வருகிறவளுக்கும் சொல்லியாயிற்று.

பதிவைச் சுவாமியிடம் கொண்டுபோனேன். நீ தெளிவில்லை என்று விட்ட வரியை அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். எழுத்து அப்படி ஒன்றும் மங்கலில்லை. அதைப் பற்றிப் பிறகு. இதில் இருப்பது செபநாயகத்தின் பெயர், செபநாயகம் வந்து சத்தியம் பண்ணினால் ஒழிய நான் எப்படி வாசிப்பது என்று சுவாமி கேட்டார். எனக்கும் அந்த நேரம் அங்கே போகத்தான் கால் இழுத்தது.

நாலு வீடு தள்ளித்தான். ஆள் வேப்பமரத்துக்குக் கீழே யாருடையதோ வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைப் படலையில் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

“மச்சான், உங்கடை ஞானஸ்நானச் சீட்டு எங்கை?”

“அவன் திருப்பித் தரேல்லை,” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கத் தேவை இருக்கவில்லை, எல்லாம் தானாக வந்தது. பதினாறு வயதுப் பெடியனைப் பட்டாளத்தில் எடுக்கமாட்டார்கள் என்று தம்பிக்காரன் கெஞ்சினாராம், இவர் சீட்டைக் கொடுத்தாராம். தந்தியில் தன் பெயரைக் கேட்ட உடனேயே விளங்கிவிட்டது. எல்லோரும் சிரிக்க, தன் வாயும் சிரித்துவிட்டது. மூப்பர் பதில் எழுதிவிட்டார். கள்ளச் சீட்டுக் கொடுத்ததற்கு மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், தான் வாய் திறந்தால் தம்பி செத்தது உண்மையாகிவிடும் என்று.

“பொலிஸ்காரன் கேக்கேக்கை நீ என்ரை முகத்தைப் பாத்தனி, பேரைச் சொல்லச் சொல்லி. நான் பேரை மட்டும் சொன்னன். மற்றதைத் தொண்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் நற்கருணை வாங்கேலுமோ?”

கடலை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“என்ரை பேருக்கு ஒரு சாவு வந்திட்டுது. மற்றதையும் தேடிக்கொண்டு போகச் சொல்லுறியோ?”

அந்த வெறும் மணல் மெழுகுதிரி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன் மக்டலீன், சில சொற்களை வருடக்கணக்காகக் கூர் பார்த்து வைத்திருந்தேன். சறத்துக்கு மேல் பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பல்லில்லாமல், அந்த மனிசன் என் முன்னால் எழும்பி நிற்கிறார். வெளிக்கிடுங்கோ, சுவாமியிட்டைப் போவம் என்றுதான் வாயில் வந்தது. சுவாமி முன்னால் சத்தியம் பண்ணிக் கைநாட்டாமல் கையெழுத்தே வைத்தார்.

திரும்பி வருகிற வழியில் அடைக்கலநாதன் வீடு. காது கேளாது இப்போது. படலையில் நின்று கத்தினேன், நீ பொய் சொல்லவில்லை, அவர் ஓடினவர்தான் என்று. தெருவே எட்டிப் பார்த்தது.

“ஓம் அக்கா, பீரங்கியடிக்கு ஓடினவர். எந்தப் பக்கம் ஓடினவர் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே. மூப்பர் என்னை வாயே திறக்க விடேல்லை. பிறகு சொல்ல வர, நீங்கள் படலையைச் சாத்திப்போட்டியள்.”

உண்மைதான். சாத்தினேன். அவனுடைய மகள் தேத்தண்ணி தந்தாள், சீனி கூட. முழுதும் குடித்தேன்.

கண்ணீரோடு சிரிக்கும்,
உன் அம்மம்மா


குருநகர்,
06.10.1985

சிரஞ்சீவி மக்டலீனுக்கு,

செபநாயகம் எழுதுவது. நீ என்னைக் கோயில் வாசற்படியில் கண்டிருப்பாய், நாங்கள் கதைத்ததில்லை. சுகமாக இருப்பாய் என நம்புகிறேன். நானும் சுகம், கடதாசியில் மட்டும்தான் செத்திருக்கிறேன்.

திருகோணமலையில் ஒரு கல்லில் என் பெயர் வெட்டியிருக்கிறதாம். அதை மாற்ற எழுதிப் போடட்டுமா என்று சுவாமி கேட்டார். உன் அம்மம்மா சொல்கிறபடி செய்யட்டும். என்னைக் கேட்டால், சீட்டுக் கொடுத்தவன் நான், கல்லிலும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி வயதில் சின்னவர், எனக்குத் தண்டனையாகக் கொடுத்த செபமும் சின்னது. நற்கருணை வாங்கினேன். நாக்கில் வைத்தது இறங்க நேரம் எடுத்தது. வெளியே வந்து பார்க்க, வெயில் நல்லாக இருந்தது.

நீ அந்தப் பெயரில் கேட்டிருக்காவிட்டால் நான் இப்படியே போயிருப்பேன். உனக்குக் கடவுள் கூலி தருவார்.

செபநாயகம், உயிருடன்


லண்டன்,
21.10.1985

அன்புள்ள அம்மம்மா,

உங்கள் இரண்டு வீட்டுக் கடிதங்களும் ஒன்றாக வந்தன. வேலைக்குப் போகாமல் இருந்து வாசித்தேன். செபநாயகம் தாத்தாவுக்கு என் முத்தம். சளிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்கும் பூசுங்கள்.

அந்தப் பெயரில் கேட்க எனக்கு எப்படித் தோன்றியது என்று எழுதுவதாகச் சொன்னேன். குணலட்சுமி வீட்டுக்காரி இல்லை, அம்மம்மா. அந்தப் பெயரில்தான் நான் இங்கே வந்தேன். கொழும்பில் ஏசென்சிக்காரர் கொடுத்த பாஸ்போட்டில் இருந்தது அவளுடைய பெயர், படம் மட்டும் என்னுடையது. வேலை செய்யும் இடத்தில் குணா என்கிறார்கள். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்பமாட்டேன், இப்போது மக்டலீன் என்று யாராவது கூப்பிட்டால்தான் திடுக்கிடும். அகதி மனுவில் என் சொந்தப் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. உங்களுக்குக் கவலை வேண்டாம் என்று மறைத்தேன்.

இங்கே ஒருவர் என்னைக் கட்டக் கேட்கிறார். எங்கள் பக்கத்து நாவாந்துறைப் பெடியன். அவருக்கும் நான் குணலட்சுமிதான். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள் மக்டலீன்


குருநகர்,
17.11.1985

என் பேத்தி மக்டலீனுக்கு, அந்தப் பெயரையே முழுதாக எழுதி,

தைலம் கிடைத்தது. முழங்காலுக்கும் பூசுகிறேன், கேட்கிறது. எல்லோரும் சுகம்.

நவம்பர் இரண்டாம் தேதி சொல்லி வைத்தது போல மழை விட்டது. நான் வெள்ளைச் சீலை உடுத்தினேன். அறுபத்தேழு வயதில் விதவைக் கோலம். அடைக்கலநாதனின் மகள் பார்த்துவிட்டு, “ஆச்சி, கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கிறியள்,” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சேமக்காலையில் சுவாமி ஒவ்வொரு பெயராக வாசிப்பார், அந்த வீட்டார் “எங்கடை ஆள்” என்று சொல்லவேண்டும், உனக்குத் தெரியும்தானே. மற்ற வீட்டாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, மீன் விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார்கள். அவருடைய பெயர் வந்தது. செபநாயகம் முதலில் சொன்னார், உன் அம்மா சொன்னா, நான் சொன்னேன். சுவாமி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு, காது கேளாத அடைக்கலநாதன் பின்னாலிருந்து பெரிய சத்தத்தில் “எங்கடை ஆள்” என்றான். பாவம், அது வேறு வீட்டுக் கிழவியின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. சேமக்காலையில் அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை. அந்த வெறும் மணலில் இந்த முறை நாங்கள் நாலு பேர் மெழுகுதிரி கொளுத்தினோம்.

இனி அந்த வரி. நீ எனக்காக மறைத்தாய், அதற்கு உன்னோடு கோபம் இல்லை. “விவாகம்: ஆகவில்லை.” சுவாமி வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு விளங்குகிறது. என்னைப் பெண்சாதி என்று எழுதக் கலியாணச் சீட்டுக் காட்டவேண்டும். அதில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது, காட்டினால் பீரங்கி போய்விடும். அதனால் என்னை எழுதாமல் விட்டுவிட்டார். விளங்குவது வேறு.

வஸ்தியாம்பிள்ளை மூப்பரை விட்டுவிட்டேன், செத்த மனிசனோடு எவ்வளவு காலம் மல்லுக்கட்டுவது. அடைக்கலநாதனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும், அந்தத் தேத்தண்ணியோடு கேட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். செபநாயகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை திருக்கைக் கறி கொடுத்து அனுப்பினேன், அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு ஆளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பீரங்கி எப்படிச் சூடாகும், கோட்டையிலிருந்து கடல் எந்த நிறம் என்றெல்லாம் லீவுக்கு லீவு எனக்குச் சொன்னவர், விடியக்காலையில் வரிசையில் நிற்க வைத்துத் தன்னை எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை என் காதில் போட்டிருந்தால், அன்றைக்குத் தந்தி வர நான் சிரித்திருக்கமாட்டேன். குந்தி இருந்து அழுதிருப்பேன், அவருக்குரிய நாளில், அவருக்குரிய அளவு.

அதனால் சொல்கிறேன், அந்த நாவாந்துறைப் பெடியனுக்கு இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்லு. கோபித்தால் கோபிக்கட்டும். போகிறவன் போவான். நிற்கிறவனுக்கு உன் பெயர் தெரிந்திருக்கும்.

குளிருக்குள் வெறுங்காலோடு திரியாதே. கலியாணச் சீட்டில் சரியான பெயர் இருக்கட்டும்.

உன்னை நெஞ்சில் வைத்திருக்கும்,
அம்மம்மா அக்கினேஸ்

நான் மன்னிக்காத அந்த ஆளின் பெயர் உனக்குச் சந்தேகமாக இருக்கக் கூடாது. இனிக் குறைவதற்கு அவருக்கு ஆயுள் இல்லை, ஆனபடியால் என் கையாலேயே எழுதுகிறேன்: சிமியோன் சூசைதாசன்.